ட்ரோன் இறக்கையின் ஆயுள்: மட்டக்களப்பில் ஒரு திருத்தகமும் மூன்று வகை ப்ரொப்பெல்லரும்

மட்டக்களப்பு நகரில், கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றின் பின்பக்க அறையில், ட்ரோன் திருத்துபவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தனியாகப் பெயர்ப்பலகை இல்லை. கூட்டம் சேர்ந்தால் ஒவ்வொரு ட்ரோனையும் நின்று நிதானித்துப் பார்க்க முடியாமல் போய்விடும் என்று அவர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனாலும் நகரில் படப்பிடிப்புத் தொழில் செய்யும் எவரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள். கடந்த இரண்டு வருடங்களில் அவரிடம் நான் பெற்ற சேவையையும், அதே காலத்தில் என் ட்ரோனில் மாறி மாறிப் பூட்டிப் பார்த்த மூன்று வகை ப்ரொப்பெல்லர்களையும் பற்றியே இங்கே எழுதுகிறேன். ட்ரோனின் பற்றரியையும் கமராவையும் பற்றி ஆளுக்கு ஆள் பேசிக்கொள்கிறோம்; ஆனால் அதை வானத்தில் தாங்கி நிற்கும் இறக்கையை எந்த நாளில் கழற்றிவிட வேண்டும் என்பதை, அது உடைந்து விழும் வரைக்கும், எங்களில் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

கல்லடியில் சிறிய ஸ்டூடியோ ஒன்றை நடத்தும் எனக்கு ட்ரோன் பொழுதுபோக்கு அன்று. கலியாணவீடு, கோயில் கொடியேற்றம், வயல் அறுவடை என்று மாதத்தில் பத்து நாட்களுக்குக் குறையாமல் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது 2020ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த, டிஜேஐ நிறுவனத்தின் மினி 2 ட்ரோன். எடை 249 கிராம், நான்கு மோட்டர், மோட்டருக்கு இரண்டு இறக்கையாக மொத்தம் எட்டு இறக்கை, ஒவ்வோர் இறக்கையும் ஒரு சிறு திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். ஒரு பெரிய மாம்பழத்தின் எடைகூட இல்லாத இந்தப் பொருள் யாரை என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணமே என் கவனக்குறைவுக்கு முதற் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆரையம்பதியில் ஒரு கலியாணவீட்டில் ட்ரோனை இறக்கும்போது முன்பக்க இறக்கையொன்று தென்னோலையில் உரசியது. ட்ரோன் விழவில்லை, சற்றுத் தள்ளாடி, நிமிர்ந்து, பத்திரமாகத் தரையிறங்கியது. எடுத்துப் பார்த்தபோது இறக்கையின் நுனியில் அரிசிக் குறுணை அளவுக்கு ஒரு துண்டு போயிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையை விட்டு எழும்பும் நேரம். அடுத்த காட்சியைத் தவறவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நுனி கொஞ்சம் போனால் என்ன என்று மறுபடி ஏற்றினேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று வாரங்கள் கழித்து, வவுணதீவுக்கு அப்பால் ஒரு வட்டையில் பெரும்போக அறுவடையைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்தில் சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு என் கையிலிருந்த ரிமோட்டுக்கு வேலையே இருக்கவில்லை. ட்ரோன் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, அறுத்துவிட்ட வயலில் தலைகுப்புற விழுந்தது. நெல் ஏற்ற நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் ஏறி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சிறுபிள்ளைக்கும் அது விழுந்த இடத்துக்கும் இடையில் நான்கு எட்டுத் தூரம்தான் இருந்தது. பிள்ளை சிரித்தது. எனக்கு அன்று மாலை வரைக்கும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அடுத்த நாள் உடைந்த துண்டுகளை ஒரு கடிதவுறைக்குள் போட்டுக்கொண்டு அந்தத் திருத்தகத்துக்குப் போனேன். இறக்கை நுனியில் உடைந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்; திருகாணித் துளையை ஒட்டிய அடிப்பகுதியோடு முறிந்திருந்தது. அவர் துண்டை வாங்கி, கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை விளக்கைச் சரித்து, உடைந்த முகத்தை என்னையும் பார்க்கச் சொன்னார். “பாருங்க மனே, பாதி மங்கியிருக்கு, பாதி பளிச்செண்டு இருக்கு. மங்கினது பழைய வெடிப்பு. நேத்து உடைஞ்சது மிச்சம் மட்டும்தான்” என்றார். உண்மையிலேயே முறிந்த இடத்தின் ஒரு பக்கம் தூசியும் அழுக்கும் ஏறி மங்கிப்போயிருக்க, மறுபக்கம் அப்போதுதான் உடைத்த தேங்காய்ச் சொட்டைப் போலத் துப்புரவாக இருந்தது. தென்னோலை தட்டிய அன்றைக்கே அடியில் வெடிப்பு விழுந்து, மூன்று வாரமாக ஒவ்வொரு பறப்பிலும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்து வந்திருக்கிறது. நான் பார்த்துச் சமாதானமடைந்த காயம் நுனியில் இருந்தது. ட்ரோனை வீழ்த்திய காயமோ நான் பார்க்காத அடிப்பகுதியில் இருந்தது.

இது ஏன் இப்படி நடக்கிறது என்பதை அவர் ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து நானும் போட்டுப் பார்த்தேன். மினி 2க்குரிய ப்ரொப்பெல்லரின் எண் 4726. அதாவது விட்டம் 4.7 அங்குலம், ஒரு சுற்றுக்கு முன்னேறும் அளவு, கணக்கின்படி, 2.6 அங்குலம். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், இறக்கையின் நுனி மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் நுனியில் 0.1 கிராம் சேறு ஒட்டியிருந்தால்கூட, அது அரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தொங்கவிட்டது போல இறக்கையை வெளிப்பக்கமாக இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். அந்த இழுவையும், காற்றைத் தள்ளும்போது ஏற்படும் வளைவும், எதிலாவது தட்டும்போது விழும் அடியும் எல்லாம் வந்து குவியும் இடம் திருகாணி பூட்டிய அடிப்பகுதிதான். மரக்கிளையின் நுனியைப் பிடித்து ஆட்டினால் அது கவட்டில் கிழிவதைப் போல, நுனியில் விழுந்த அடிக்கு அடிப்பகுதி விலை கொடுக்கிறது. நான்கு மோட்டர் மட்டும் உள்ள ட்ரோனில் ஒன்று வலுவிழந்தால் மற்ற மூன்றும் ஈடுகொடுக்க முடியாது. ஆறு, எட்டு மோட்டர் உள்ள பெரிய ட்ரோன்களுக்கு ஓரளவு தப்பிக்க வழி உண்டு, எங்களுடைய சிறியவற்றுக்கு அந்த வழியும் இல்லை.

அன்று நான் அவரிடம் கேட்டது ஒரேயோர் இறக்கை. “ஒண்டு மட்டும் தாறதில்ல மனே. சோடியாத்தான் மாத்தணும், ஸ்குரூவும் புதுசு” என்று மறுத்துவிட்டார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தது தவறு. ஓர் இறக்கை பழுதானால் அந்த மோட்டரிலுள்ள இரண்டு இறக்கைகளையும் திருகாணிகளையும் புதிய பொதியிலிருந்து மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. ஆறு மாதம் தேய்ந்த ஓர் இறக்கைக்கு எதிரில் புத்தம்புதிய ஒன்றைப் பூட்டினால் இரண்டும் ஒரே எடையில், ஒரே வளைவில் நிற்பதில்லை. அந்த வித்தியாசம் அதிர்வாகி, மோட்டரின் பெயாரிங்கையும், கமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலையும் சேர்த்தே தின்கிறது. திருகாணியில் தொழிற்சாலையிலேயே பூசி வரும் பசை ஒருமுறை இறுக்குவதற்குத்தான். கழற்றிய திருகாணியைத் திரும்பப் பூட்டினால் அந்தப் பிடி இருக்காது.

இனி அவருடைய பரிசோதனை. இந்தச் சேவைக்காகவே அந்தக் கடையை நான் பரிந்துரைக்கிறேன் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் பற்றரியைக் கழற்றி மேசையின் மறுகரையில் வைத்துவிடுகிறார். பற்றரி ஏறியிருக்கும் ட்ரோனின் இறக்கையில் கை வைக்கக் கூடாது என்பதில் அவருக்குச் சமரசம் கிடையாது. பிறகு மருந்துக் கடைகளில் விற்கும் பஞ்சில் ஒரு சிறு உருண்டையை எடுத்து, காற்றை வெட்டும் முன்விளிம்பு நெடுகிலும் அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுக்கிறார். எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பல் விழுந்திருக்கிறதோ அங்கெல்லாம் பஞ்சின் நார் ஒன்று சிக்கி நிற்கும். நான் துப்புரவாக இருக்கிறதென்று நினைத்த ஓர் இறக்கையில் ஐந்து இடத்தில் நார் நின்றது. அடுத்ததாக இறக்கையை விளக்குக்கு நேரே பிடித்து, அடிப்பகுதியை விரலால் மிக மெதுவாக வளைத்துப் பார்க்கிறார். நல்ல இறக்கை வளைந்து, விட்டவுடன் பழைய இடத்துக்கு வரும். களைத்துப்போன இறக்கையிலோ வளைக்கும் இடத்தில் பால் வடிந்தது போல ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கறுப்புச் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் அந்த வெண்கோடு தெரிந்தால் அதற்கு மேல் பேச்சில்லை, இறக்கை மேசையிலிருந்து கூடைக்குப் போகிறது.

அதன் பின்பு இறக்கைகளை விரித்து, மோட்டரைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, கண்ணை மேசைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் பார்க்கிறார். சோடியிலுள்ள இரண்டு நுனிகளும் ஒரே மட்டத்தில் கடந்து போக வேண்டும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் போனால் ஏதோவொன்று நெளிந்திருக்கிறது என்று பொருள். புதிய சோடியைப் பூட்டிய பிறகு, இறுக்கிய நிலையிலும் இறக்கை தடையில்லாமல் மடங்கி விரிகிறதா என்று பார்க்கிறார். கடைசியாக, கடையின் பின்முற்றத்தில் ஒரு மீற்றர் உயரத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டு இறக்கி, நான்கு மோட்டர்களையும் புறங்கை விரலால் தொட்டு, ஒன்று மட்டும் கூடுதலாகச் சுடுகிறதா என்று பார்க்கிறார். இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் ஆகிறது. பூட்டும் கூலி நியாயமானது. வெறுமனே பரிசோதித்துவிட்டு மாற்றத் தேவையில்லை என்று அனுப்பிய இரண்டு முறையும் அவர் என்னிடம் பணம் வாங்கவில்லை.

நான் பாவித்த மூன்று வகைகளில் முதலாவது தயாரிப்பாளரின் அசல் ப்ரொப்பெல்லர். இதைப் பற்றிக் குறையாகச் சொல்ல விலையைத் தவிர எனக்கு எதுவும் இல்லை. கடையிலிருந்த சிறிய தராசில் வைத்துப் பார்த்தபோது இறக்கைகள் ஒன்றுக்கொன்று எடையில் ஒத்துப்போயின. வார்ப்பின் ஓரங்கள் மழமழவென்று இருக்கின்றன. எல்லாவற்றிலும் முக்கியமாக, பழுதாகப் போகும் முன் அந்த வெண்கோட்டைக் காட்டி எச்சரிக்கும் இயல்பு அந்தப் பிளாஸ்டிக்குக்கு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்புப் பொருளுக்கு இருக்க வேண்டிய முதற் குணம் அதுவே.

இரண்டாவது, பெயரில்லாத பொதியில் இணையத்தில் வாங்கிய மலிவான நகல். விலை அசலின் மூன்றிலொரு பங்குதான். வவுணதீவில் முறிந்தது இந்த வகையில் ஒன்று. தென்னோலையில் தட்டியதும், தட்டிய பின் பறக்கவிட்டதும் என் பிழை என்பதால் முழுப் பழியையும் அதன்மேல் போட நான் விரும்பவில்லை. அசலாக இருந்தாலும் அந்த அடிக்குப் பிறகு கழற்றியிருக்க வேண்டியதுதான். ஆயினும் அதே பொதியில் மிஞ்சியிருந்த இறக்கைகளைத் தராசில் வைத்தபோது எந்த இரண்டும் ஒரே எடையைக் காட்டவில்லை என்பதையும், ஓரங்களில் வார்ப்புப் பிசிறு நகத்தில் குத்தியதையும், திருகாணியில் பசையே பூசப்படவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அவற்றைப் பூட்டியிருந்த காலம் முழுவதும் என் வீடியோவில் தண்ணீர்ப் பரப்பைப் பார்ப்பது போன்ற ஒரு நெளிவு இருந்தது. அதைக் கமராவின் கோளாறென்று நினைத்து வீணாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கார்பன் இழையால் ஆனது. பார்க்க அழகாகவும் தொட உறுதியாகவும் இருப்பதால் இதுவே நல்லதென்று பலர் நம்புகிறார்கள். உறுதியானது என்பது உண்மை. ஆனால் வளைந்து கொடுக்காத பொருள் தட்டுப்பட்ட அடியைத் தன்னில் வாங்கிக்கொள்ளாமல் மோட்டரின் தண்டுக்கு அனுப்பிவிடும். அதன் விளிம்பு கத்திபோல் இருக்கிறது. உடைந்தால் ஊசி ஊசியாகச் சிதறும். பிள்ளைகள் ஓடித் திரியும் கலியாணவீட்டில் அதைப் பறக்கவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

எங்கள் கரையோரத்துக்கென்று சில தனிக் கேடுகள் உண்டு. கையேட்டை எழுதியவர்கள் கல்லடிக் கடற்கரையில் நின்று எழுதவில்லை. முதலாவது உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எழுவான்கரையில், ட்ரோன் தண்ணீரைத் தொடாமலே உப்பை வாங்கிக்கொள்கிறது. இறக்கையின் மேல் வெள்ளை மாப் போலப் படிவது துடைத்தால் போய்விடும். ஆனால் திருகாணியின் தலையில் செம்மண் நிறத் துரு தெரிந்தால், உள்ளே மரையும் துருப்பிடித்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு சோடியை மாற்றிவிடுகிறேன். கடற்கரைப் படப்பிடிப்பு முடிந்த அன்றிரவே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எட்டு இறக்கைகளையும் துடைத்துவிட வேண்டும். தின்னர், பெற்றோல் போன்றவற்றைத் தொடவே கூடாது; அவை பிளாஸ்டிக்கை உள்ளிருந்து நொறுங்க வைத்துவிடும்.

இரண்டாவது மணல். பாசிக்குடாவிலோ முகத்துவாரத்திலோ வெறும் மணலில் வைத்து எழுப்பினால், இறக்கை கிளப்பும் மணலே முன்விளிம்பில் வந்து அடித்து அரம் போலச் சொரசொரப்பாக்கிவிடும். பஞ்சுச் சோதனையில் முதலில் அகப்படுவது இந்தத் தேய்மானந்தான். நான் இப்போது நான்கு மூலையிலும் கல் வைத்த ஒரு பன்பாயின் மேலிருந்துதான் எழுப்புகிறேன், அதன் மேல்தான் இறக்குகிறேன். அதற்கென்று விற்கும் மடிப்பு விரிப்பும் நல்லதுதான்; ஆனால் எந்த வீட்டிலும் கேட்டு வாங்கக்கூடியது பாய்.

மூன்றாவது வெயிலும் கச்சான் காற்றும். கண்ணாடி ஏற்றிய வாகனத்துக்குள் மதிய வெயிலில் ட்ரோன் பையை விட்டுப் போவது எங்களிடம் சாதாரணமாக நடக்கிறது. சூட்டில் இளகிய இறக்கை, பைக்குள் மடங்கி அழுத்துப்பட்ட வாக்கிலேயே ஆறிவிட்டால், அந்த நெளிவு பிறகு நிமிராது. இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்து வைக்கும் பட்டியை ஒவ்வொரு முறையும் மாட்ட வேண்டும் என்பது இதற்காகத்தான். நெளிந்த இறக்கை தள்ளும் காற்று குறைவு. குறைந்ததை ஈடுசெய்ய மோட்டர் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மினி 2 தாங்கும் காற்று வினாடிக்கு 8.5 முதல் 10.5 மீற்றர் வரை என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். அது நல்ல இறக்கைகளுக்குச் சொல்லப்பட்ட அளவு. கச்சான் வீசும் நாட்களில், காற்று இலேசாக இருக்கும் காலையிலேயே மோட்டர் முழு வேகத்தை எட்டிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வந்தால், காற்றைக் குறை சொல்லாமல் இறக்கையைப் பார்க்க வேண்டும். ஒருமுறை அந்த எச்சரிக்கையோடு பழைய கல்லடிப் பாலத்தின் பக்கம் பறந்துகொண்டிருந்த ட்ரோனை உடனே திருப்பி எடுத்தேன்; பின்பக்க மோட்டரொன்றின் இரண்டு இறக்கைகளுமே ஒரே பக்கமாக நெளிந்திருந்தன.

இவற்றையெல்லாம் வைத்து, எப்போது மாற்றுவது என்பதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். மரம், சுவர், கம்பி, தரை என்று உறுதியான எதிலாவது சுழலும் இறக்கை பட்டுவிட்டால், அடையாளம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த மோட்டரின் சோடி அன்றே கழற்றப்படும். பருந்தோ காகமோ வந்து மோதினாலும் அப்படியே. வாவியில் விழுந்தெடுத்த ட்ரோனென்றால் எட்டையும் மாற்றிவிடுவேன். திருகாணிகள் உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும். கையேடு சொல்வதுபோல 30 மணித்தியாலப் பறப்புக்கு, அதாவது ஏறத்தாழ 60 பறப்புக்கு ஒருமுறை திருகாணிகளின் இறுக்கத்தைப் பார்க்கிறேன். எந்த அடியும் படாமல், எந்தக் கோடும் தெரியாமல் இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எட்டையும் மாற்றுகிறேன். இந்த ஆறு மாதம் என் வேலைக்கும் எங்கள் கரைக்கும் நான் வைத்துக்கொண்ட அளவு; வருடத்தில் நான்கு முறை மட்டும் பறக்கவிடுபவர் வேறு அளவு வைத்துக்கொள்ளலாம். அதே நேரம், தும்பி மோதிய கறை, மேற்பரப்பில் மெல்லிய கீறல், மங்கிய நிறம் ஆகியவற்றுக்காக இறக்கையை எறிய வேண்டியதில்லை. துடைத்துவிட்டுப் பஞ்சைப் போட்டுப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்த முறைகளை விட எனக்கு உதவியது, முடிவெடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டதுதான். ஆரையம்பதியில் நான் பிழைவிட்டது இறக்கையைப் பார்க்காததால் அல்ல, பார்த்தேன். ஆனால் பார்த்த இடம் மணவறைக்குப் பக்கத்தில், நேரம் போய்க்கொண்டிருந்தது, வீட்டுக்காரர் காத்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கும்போது எவருடைய மனமும் இன்னும் ஒரு முறை பறக்கட்டும் என்றுதான் சொல்லும். ஆகவே முந்தின இரவு, சாப்பிட்ட பிறகு, வீட்டு மேசையில் விளக்கின் கீழ் வைத்து எட்டு இறக்கையையும் பார்த்து, சந்தேகம் உள்ளதை அங்கேயே கழற்றிவிடுகிறேன். பையில் எப்போதும் ஒரு முழுத் தொகுதி புதிய இறக்கையும் ட்ரோனோடு வந்த சிறிய ஸ்குரூ ட்ரைவரும் இருக்கின்றன. இடத்தில் தட்டுப்பட்டால் அங்கே யோசனைக்கு இடமில்லை, சோடி மாறும். பூட்டிய திகதியை ஒட்டுத் தாளில் எழுதிப் பற்றரிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறேன்.

இடத்தில் மாற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எட்டு இறக்கையும் ஒன்றுபோல் தோன்றினாலும் அவை இரண்டு இனம். மோட்டரைத் தாங்கும் நான்கு கைகளில், குறி போட்ட இறக்கை குறி போட்ட கைக்கு, குறியில்லாதது குறியில்லாத கைக்கு. குறுக்கெதிராக உள்ள மோட்டர்கள் ஒரே திசையில் சுற்றும். பக்கத்திலுள்ளவை எதிர்த்திசையில் சுற்றும். மாறிப் பூட்டினால் எழும்பும் அந்த நொடியிலேயே ட்ரோன் புரண்டு விழும், புதிய இறக்கை அத்தனையும் போகும். பூட்டியதும் முதல் எழுப்புதலில் அருகில் ஒருவரையும் நிற்கவிடாமல், ஆளுயரத்துக்குக் கீழேயே ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும்.

பறக்கவிடுவதற்கான அனுமதி விடயத்தில் இப்போது எங்கள் ஆட்கள் கவனமாகவே இருக்கிறார்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும், நகருக்கருகிலேயே விமான நிலையம் இருப்பதால் தேவைப்படும் எச்சரிக்கையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்திரத்தை எவ்வளவு பத்திரமாகப் பையில் வைத்திருந்தாலும், இறக்கையின் அடியிலுள்ள வெடிப்பை வேறு எவரும் எங்களுக்காகப் பார்த்துத் தரப்போவதில்லை. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தைப் போன்ற பெருங்கூட்டத்துக்கு மேலே, இறக்கை எவ்வளவு புதிதாக இருந்தாலும், நான் ட்ரோனைக் கொண்டுபோவதில்லை. ஆளில்லாத பக்கத்தில் நிறுத்தி, எட்ட இருந்தே எடுக்கிறேன். படம் கொஞ்சம் சிறிதாக வந்தால் வரட்டும்.

திருத்தகத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். மாலை நான்கு மணிக்குப் பிறகே அவர் கடையில் இருப்பார். கல்முனை, அக்கரைப்பற்றிலிருந்து வருபவர்களுக்கு இது பெரிய சிரமம். மினி வகைகளுக்கு இறக்கை பெரும்பாலும் கையிருப்பில் இருக்கிறது. பழைய பன்டம் (Phantom) வகை ட்ரோன் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லி, கொழும்பிலிருந்து வரும் வரை காத்திருக்க வேண்டும். செய்த வேலைக்கு அவர் எழுத்தில் எதுவும் தருவதில்லை. எந்தத் திகதியில் எந்த மோட்டரின் சோடி மாறியது என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், இன்னும் செய்யவில்லை. வயலுக்கு மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்களை அவர் தொடுவதில்லை. அவற்றின் இறக்கை நீளமும் பாரமும் வேறு, மருந்தால் வரும் கேடும் வேறு என்பதால், அப்படியானவற்றை வைத்திருப்பவர்கள் விற்ற நிறுவனத்திடமே போவது நல்லது.

போகிறவர்கள் இறக்கையின் படத்தை மட்டும் தொலைபேசியில் அனுப்பி விலை கேட்க வேண்டாம். ட்ரோனையே கொண்டு போங்கள், கழற்றி வைத்த பழைய இறக்கைகளையும் ஒன்றும் விடாமல் கொண்டு போங்கள். அவசரத்துக்கு உதவுமென்று அவற்றை நானும் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். அவர் அந்த டப்பாவை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் குறட்டால் நடுவே வெட்டிக் கூடைக்குள் போட்ட பிறகுதான் புதிய பொதியைப் பிரித்தார்.